மாரடைப்புக்குப் பின் நோயாளியின் வேலை

ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு



மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து, வீடு திரும்பிய ஒருவர் அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி இன்று நம்மைப் பேசும்படி இப்படிப்பகத்தார் கேட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டவுடன், "இவர் டாக்டரா? இவருக்கு இதில் என்ன யோக்கியதை?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். தோன்றுவது நியாயந்தான். நாம் டாக்டர் அல்ல. வைத்தியக் கல்லூரியின் வாசற்படியை மிதித்தவருமல்ல. ஆனால் நாம் பேசப் போவது டாக்டர் செய்ய வேண்டிய வேலையைப் பற்றியல்ல. நோயாளி செய்ய வேண்டிய வேலையைப் பற்றியும், அந்த வேலையை அவர் ஏன் செய்யாமலிருக்கிறார் என்பதைப் பற்றியுமேயாகும். இதற்குப் படித்தறியும் ஆசையும், நம்மைச் சுற்றி நடப்பதைப் பார்க்கும் கண்ணும் இருந்தால் போதும். வைத்திய சம்பந்தமாக நாம் சொல்லுபவைகளை நீங்கள் உங்கள் டாக்டரிடம் ஒரு முறைக்கு இரு முறை கேட்டுச் சரிபார்த்துக் கொள்ளலாம். அப்படிக் கேட்க வேண்டும் என்பதே இப்பேச்சின் நோக்கங்களில் ஒன்று.

முதலில் இருதயம் என்பது என்ன என்று பார்ப்போம். பாட்டிலும் கதையிலும் அன்பு இருக்குமிடம், ஆசை இருக்குமிடம், ஆண்டவன் இருக்குமிடம் என்றெல்லாம் அதைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அறுத்துப் பார்த்தவர்கள் கண்டதோ சுமார் 300 கிராம் எடையுள்ள தசையாலான ஒரு இறைப்பு யந்திரத்தைத்தான். அது நாள் ஒன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை சுருங்கி விரிகிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும் போதே நிமிஷத்திற்கு 5 லிட்டர் அளவு இரத்தத்தை இறைக்கிறது. ஊருக்கெல்லாம் தண்ணீர் இறைக்கும் யந்திரத்துக்கும் எண்ணெய் வேண்டுமல்லவா? அது போல இருதயத் தசைக்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டு வரும் சிறு குழாய்களின் உட்சுவரில் பல வருஷ காலமாகக் கொழுப்புப் படிந்து, ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன் மேல் இரத்தம் உறைந்து குழாய் அடைபட்டுப் போகிறது. அடைபட்ட இடத்திற்கு அப்பாலுள்ள தசை இரத்தமின்றிச் சாகத் தொடங்குகிறது. இதுதான் மாரடைப்பு. இதில் பேயுமில்லை, செய்வினையுமில்லை, கண்திருஷ்டியுமில்லை.

ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறார்கள்? ஊசி மருந்தால் அந்த உறைவைக் கரைக்கிறார்கள். அல்லது கையிலோ தொடையிலோ உள்ள குழாய் வழியாகச் சென்று, அடைப்பை விரித்து, ஸ்டெண்ட் என்னும் வலைக் குழாயை வைக்கிறார்கள். சிலருக்கு மார்பைத் திறந்து மாற்று வழி போடுகிறார்கள். இவை மனித அறிவின் பெரிய வெற்றிகள் என்பதில் ஆட்சேபணையில்லை. நமது நாட்டிலேயே 2012 முதல் 2014 வரை கோயமுத்தூரைச் சேர்ந்த டாக்டர்கள் முன்னின்று, சிற்றூர் ஆஸ்பத்திரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஒரு சக்கரத்தின் ஆரமும் குடமும் போல இணைத்து, 2,420 நோயாளிகளை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். ஒரு வருஷத்திற்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6 ஆக இருந்தது 14.2 ஆகக் குறைந்தது. நல்ல காரியம். ஆனாலும் ஒழுங்காகச் சிகிச்சை கிடைத்த பிறகுங்கூட ஒரு வருஷத்தில் நூற்றுக்குப் பதினான்கு பேர் போய்விடுகிறார்கள் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

காரணம் என்னவென்றால், ஆஸ்பத்திரிக்காரர்கள் குழாயில் ஓரிடத்தில் இருந்த அடைப்பை நீக்கினார்களே யொழிய, அடைப்பை உண்டாக்கிய காரணங்களை நீக்கவில்லை. அவற்றை அவர்களால் நீக்கவும் முடியாது. பீடியை நோயாளியின் உதட்டிலிருந்து எந்தச் சத்திர சிகிச்சையும் அறுத்தெடுக்க முடியாது. அவருக்குப் பதிலாக டாக்டர் நடந்துவிட முடியாது. அவருடைய மாத்திரையை நர்ஸ் விழுங்க முடியாது. எனவே ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிய நிமிஷத்தில் டாக்டரின் வேலை பாதி முடிந்து, நோயாளியின் வேலை ஆரம்பமாகிறது. இந்த வேலைக்குத்தான் இருதய மறுவாழ்வுப் பயிற்சி என்று பெயர். அளந்து கொடுக்கப்பட்ட தேகப் பயிற்சி, மருந்து, உணவு, புகையிலையை விடுதல், மனத்தின் பயத்தையும் சோர்வையும் போக்குதல், நோயைப் பற்றிய படிப்பு ஆகிய எல்லாம் சேர்ந்ததே அது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்கள் 1964-ம் வருஷத்திலேயே இதற்கு இலக்கணம் வகுத்தபோது, நோயாளி தன்னுடைய சொந்த முயற்சியால் சமூகத்தில் தனக்குரிய இடத்தைத் திரும்பப் பெறுவதே இதன் நோக்கம் என்ற கருத்தை அதில் வைத்தார்கள். "சொந்த முயற்சி" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். பிறர் தயவினாலல்ல, அருளினாலல்ல, அதிர்ஷ்டத்தினாலுமல்ல.

படுக்கை என்னும் மூட வழக்கம்

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? ஒரு நெசவாளி என்று வைத்துக் கொள்ளுவோம். வயது 52. மாரடைப்பு வந்து ஒரு வாரத்தில் வீடு வந்து சேருகிறார். வந்தவுடன் கட்டிலைத் திண்ணையோரம் போடுகிறார்கள். "அசையாதே, பேசாதே, குனியாதே, மாடிப்படி ஏறாதே" என்று ஆளுக்கொரு உத்தரவு போடுகிறார்கள். பார்க்க வருகிற உறவினர்கள், "இனிமேல் தறிப் பக்கமே போகாதே மாமா, உயிர் இருந்தால் போதும்" என்கிறார்கள். கூடவே, இன்னாருக்கு இதே போல வந்து மூன்றாம் மாதம் போய்விட்டார் என்ற கதையையும் தவறாமல் சொல்லிவிட்டு, ஹார்லிக்ஸ் புட்டியைக் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஆறு மாதத்தில் அந்த மனிதர் இருதய நோயாளியாக மட்டுமில்லாமல், நடக்கத் தெரியாதவராகவும், வீட்டாருக்குப் பாரமாகவும், தன் நிழலுக்கே பயப்படுகிறவராகவும் ஆகிவிடுகிறார். அன்பினால்தான் செய்கிறார்கள், நாம் மறுக்கவில்லை. ஆனால் அறிவில்லாத அன்பு ஆளைக் கொல்லும்.

இந்தப் படுக்கை வழக்கத்தை நம் கிழவிகள் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் மேல்நாட்டுப் பெரிய டாக்டர்களே மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம், அதற்கு மேலுங்கூட, படுக்கையில் கிடத்தி வைத்தார்கள். செத்த தசை இருந்த இடத்தில் உறுதியான தழும்பு உண்டாகச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் அசைந்தால் இருதயம் கிழிந்துவிடும் என்று பயந்தார்கள். அது ஒரு அனுமானம். பரீட்சித்துப் பார்க்கப்பட்ட உண்மையல்ல. 1952-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் லெவைன், லவுன் என்னும் இரண்டு டாக்டர்கள் 81 நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். இது கொலை பாதகம் என்று எண்ணியவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். ஆனால் உட்கார்ந்தவர்களுக்குக் கெடுதல் நேரவில்லை, நன்மையே கண்டது. 1955 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. பால் டட்லி ஒயிட் என்னும் இருதய நிபுணர் அவரை முடமாக்கிப் படுக்க வைக்காமல், படிப்படியாக நடமாடவும் வேலைக்குத் திரும்பவும் ஊக்கினார். அடுத்த வருஷம் நவம்பரில் ஐசனோவர் மறுபடியும் தேர்தலில் நின்று ஜெயித்தார். 1969 வரை உயிரோடிருந்தார். ஒரு தேசத்தை ஆளும் பாரத்தைச் சுமக்கலாமென்றால், ஒரு நெசவாளி டாக்டர் சொல்லும் காலத்துக்குப் பின் தறியில் உட்காரக் கூடாதா என்று கேட்கிறோம்.

படுக்கை எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரத்தில், ஒரு நோயுமில்லாத, இருபது வயதுள்ள ஐந்து வாலிபர்களை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். மூன்றே வாரத்தில் அவர்களுடைய உழைக்கும் சக்தி கால் பங்குக்கு மேல் குறைந்து போயிற்று. முப்பது வருஷம் கழித்து, 1996-ல், அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடியும் அளந்தார்கள். முப்பது வருஷ மூப்பு அவர்களுக்குச் செய்த கெடுதலைவிட, அன்று மூன்று வாரப் படுக்கை செய்த கெடுதலே பெரிதாயிருந்தது! நோயில்லாத காளைகளுக்கே இப்படியானால், நோய் வந்தவரைப் படுக்க வைத்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டுத் தறியிலேயே நின்ற மாடு ஏருக்கு உதவாது என்று நம் விவசாயிக்குத் தெரியும். தன் உடம்பு விஷயத்தில் மாத்திரம் அதை மறந்துவிடுகிறார்.

உழைப்பால் இருதயம் தேய்ந்துவிடும் என்பதும் தப்பு. 1953-ல் மோரிஸ் என்னும் டாக்டரும் அவருடைய தோழர்களும் லண்டன் நகர பஸ் தொழிலாளர்களைப் பற்றிய ஒரு கணக்கை வெளியிட்டார்கள். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவர். கண்டக்டர் மாடி பஸ்ஸில் நாளெல்லாம் ஏறி இறங்குகிறவர். ஒரே கம்பெனி, ஒரே பஸ். ஆனால் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கே மாரடைப்புக் குறைவாக இருந்தது. வந்தவர்களும் எளிதில் சாகவில்லை.

பலன் உண்டா?

"இதெல்லாம் கேட்க நன்றாயிருக்கிறது, பயிற்சியால் பலன் கண்டதுண்டா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். யார் எதைச் சொன்னாலும் கணக்கைக் காட்டு என்று கேட்கிற பழக்கம் நமக்கு வர வேண்டும். உலகத்தில் பல நாடுகளில் நடந்த 85 பரீட்சைகளை, சுமார் 23,000 நோயாளிகளைப் பற்றியவற்றை, 2021-ல் ஒன்று சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். பயிற்சியில் சேர்ந்தவர்களுக்கு, சேராதவர்களைவிட, இருதய நோயால் வரும் மரணம் சுமார் கால் பங்கு குறைவு. மறுபடி மாரடைப்பு வருவதும், மறுபடி ஆஸ்பத்திரியில் படுப்பதும் குறைவு. இந்த அளவுக்குப் பலன் தரும் ஒரு மாத்திரையைக் கண்டுபிடித்து விற்றால், கடைக்கு முன் ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். நடக்கச் சொன்னால் மாத்திரம் ஆளைக் காணோம்!

நம்மவர்கள்தான் சோம்பேறிகள் என்று நினைத்து வெட்கப்பட வேண்டாம். அமெரிக்காவில் வயோதிகர்களுக்குச் சர்க்கார் இன்ஷூரன்சே 36 தடவைப் பயிற்சிக்குப் பணம் கொடுக்கிறது. அப்படியிருந்தும் 2016-ம் வருஷக் கணக்குப்படி, தகுதியுள்ளவர்களில் நாலில் ஒருவர்தான் பயிற்சிக்கு வந்தார். வந்தவர்களிலும் நாலில் ஒருவர் சொச்சந்தான் 36-ஐயும் முடித்தார். நம் நாட்டிலோ இப்பயிற்சி நடத்தும் இடங்களே சில பெரிய நகரங்களில்தான் உண்டு. மருந்து விஷயத்தையாவது பார்ப்போமென்றால், 17 நாடுகளில் எடுத்து 2011-ல் வெளியான ஒரு கணக்கில், இந்தியா அடங்கிய ஏழை நாடுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களில் நூற்றுக்கு 80 பேர், அவர்களுக்கு அவசியமான நான்கு வகை மருந்துகளில் ஒன்றைக்கூடச் சாப்பிடவில்லை என்று கண்டது. பணக்கார நாடுகளில் இப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு 11 பேர்தான்.

யோகாசனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்குத் தெய்வ சக்தி இருக்கிறதென்று ஒரு கூட்டமும், அது வெறும் புரட்டு என்று ஒரு கூட்டமும் கத்துகின்றன. இந்தியாவில் 24 ஆஸ்பத்திரிகளில், மாரடைப்பு வந்த 3,959 பேரை வைத்து ஒரு பரீட்சை நடத்தி, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். மரணத்தையும் மறுபடி நோய் வருவதையும் குறைத்தது என்று அதனால் நிரூபிக்க முடியவில்லை. அதை நிரூபிக்க அந்த ஆள் தொகை போதவில்லை. ஆனால் பயிற்சி செய்தவர்கள் தங்கள் உடல்நிலை மேல் என்று உணர்ந்தார்கள். முன் செய்த காரியங்களுக்கு அதிகமாகத் திரும்பினார்கள். ஆகவே உள்ளதை உள்ளதென்றும், நிரூபிக்காததை நிரூபிக்கவில்லையென்றும் சொல்லுவோம். மந்திரமில்லாமல் செய்தாலும் உடம்பு வளைவதற்கு ஆட்சேபணை சொல்லாது.

சாக்குகளும் சமாதானங்களும்

பயிற்சிக்கு வராதவர்கள் சொல்லும் சாக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் சாக்கு தலையெழுத்து. "ஆயுள் கெட்டியாயிருந்தால் பிழைப்பேன், விதி முடிந்தால் நடந்தாலும் சாவேன், மாத்திரை தின்றாலும் சாவேன்" என்கிறார்கள். இப்படிச் சொல்லுகிறவர் மார்பு வலித்த அன்று ஏன் 108-க்குப் போன் செய்தார்? விதியை நம்பி வீட்டிலேயே படுத்திருக்கலாமே! வலிக்கும் போது டாக்டர், வலி நின்றவுடன் விதி என்றால் இது என்ன நாணயம்? 52 நாடுகளில் ஆராய்ந்து 2004-ல் வெளியான ஒரு பெரிய கணக்கில், முதல் மாரடைப்புக்குக் காரணமாகும் ஆபத்துகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, அளக்கக்கூடிய ஒன்பதே விஷயங்களில் அடங்கிவிடுகின்றன என்று கண்டார்கள். புகையிலை, இரத்தத்தில் கெட்ட கொழுப்பு, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், தொந்தி, மனக்கவலை, காய் கனி தின்னாமை, உடல் உழைப்பின்மை முதலியவைகளே அவை. இவற்றில் எது ஜாதகக் கட்டத்தில் எழுதியிருக்கிறது? எட்டாமிடத்துச் சனி யாருடைய தொந்தியை வளர்த்தான்? அதே ஆராய்ச்சியைச் சேர்ந்தவர்கள், தென்னாசியாவில் உள்ள நமக்கு மற்றவர்களைவிடச் சுமார் ஆறு வருஷம் முன்னதாகவே, 53 வயதளவில் முதல் மாரடைப்பு வருகிறதென்று சொல்லியிருக்கிறார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் முடியாமலும், பையனுக்குப் படிப்பு முடியாமலும் இருக்கும் வயது அது. விதியின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நாம் போய்விட்டால், அந்தப் பாரத்தை எடுத்துச் சுமப்பது விதியல்ல, பெண்சாதி பிள்ளைகளேயாவார்கள்.

இரண்டாவது சாக்கு, "வலிதான் போய்விட்டதே, மாத்திரை எதற்கு? இங்கிலீஷ் மருந்து சூடு" என்பது. இந்த மாத்திரைகள் வலிக்கு அல்ல. இரத்தம் உறையாமலிருக்க ஒன்று; கொழுப்பைக் குறைத்துப் படிவு வெடிக்காமல் காக்க ஒன்று; கொதிப்பைக் குறைத்து இருதயத்தின் பளுவை இறக்க ஒன்று. கூரையில் ஓடு வேய்ந்த பிறகு ஒழுகவில்லை என்பதற்காக யாராவது ஓட்டைப் பிரித்தெறிவார்களா? முக்கியமாக ஸ்டெண்ட் வைத்தவர்கள், இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைத் தாமாகவே நிறுத்தினால், அந்தக் குழாயிலேயே இரத்தம் உறைந்து திடீரென்று உயிர் போக இடமுண்டு. பல் பிடுங்கப் போனாலுங்கூட இருதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மருந்து ஒத்துக் கொள்ளவில்லையானால், "ஒத்துக் கொள்ளவில்லை, வேறு கொடுங்கள்" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வாங்கப் பணமில்லையென்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்குவது பிச்சையல்ல. உங்கள் வரிப் பணம்.

மூன்றாவது சாக்கு தூரமும் செலவும். இது முழுவதும் சாக்கு அல்ல, பாதி உண்மை. ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் சத்தம் கொடுத்து, வாரம் மூன்று முறை பட்டணத்துக்குப் போ என்றால் ஏழை எப்படிப் போவார்? ஆனால் வீட்டிலிருந்தே, ஒழுங்காகக் கற்றுக் கொடுத்தபடி, அடிக்கடி விசாரித்துக் கொண்டு செய்யும் பயிற்சியும், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செய்யும் பயிற்சியும் ஏறக்குறைய ஒரே பலனைக் கொடுக்கின்றன என்று பல பரீட்சைகளில் தெரிந்திருக்கிறது. ஏரிக்கரைக்கும் வாய்க்கால் வரப்புக்கும் யாரும் சீட்டுக் கேட்பதில்லை.

நான்காவது சாக்கு பெண்களைப் பற்றியது. இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். எந்த நாட்டுக் கணக்கை எடுத்தாலும் இப்பயிற்சிக்கு வரும் பெண்கள் ஆண்களைவிடக் குறைவு. டாக்டர்களே பெண்களைக் குறைவாக அனுப்புகிறார்கள். நம் வீடுகளில் கேட்டால், "அவளுக்கென்ன, வீட்டு வேலையே தேகப் பயிற்சிதானே!" என்கிறார்கள். ஆண் நோயாளி வீடு வந்தால் கட்டிலில் படுக்க வைத்துக் கெடுக்கிறோம். பெண் நோயாளி வீடு வந்தால் மறுநாளே குடத்தையும் ஆட்டுக் கல்லையும் காட்டிக் கெடுக்கிறோம். அளந்து, சீராக, மூச்சு நிதானத்தோடு நடப்பது பயிற்சி. வேகாத விறகை ஊதிக் கொண்டும், எல்லாரும் தின்ற பிறகு மிச்சத்தைத் தின்று கொண்டும், தன் மாத்திரை தீர்ந்து போனதைச் சொல்லப் பயந்து கொண்டும் செய்வது பயிற்சியல்ல, அடிமை வேலை. புருஷனுக்கு மாத்திரை வாங்க மறக்காத பெண், தன் மாத்திரையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடுகிறாள். தோழியர்களே! மாலையில் அரை மணி நேரம் செருப்பைப் போட்டுக் கொண்டு தெருவில் நடப்பது உங்கள் உரிமை. "இவளுக்கு வந்த வாழ்வைப் பார்" என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தோழர்களே! அந்த அரை மணி நேரம் அடுப்பை நீங்கள் பார்த்துக் கொள்ளுங்கள். உங்கள் ஆண்மைக்கு ஒன்றும் குறைந்து போகாது.

ஐந்தாவது, யாரும் வெளியில் சொல்லாத காரணம் பயம். மாரடைப்பு வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு ஆழ்ந்த மனச்சோர்வு உண்டாகிறது. தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பற்றில்லை. இதைக் கோழைத்தனம் என்று கேலி செய்யாதீர்கள். இதுவும் ஒரு வியாதி. இதற்கும் வைத்தியம் உண்டு. புருஷன் பெண்சாதி சேர்ந்து வாழ்வதைப் பற்றியும் பலர் வாய் திறந்து கேட்காமலே பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். மார்பு வலியில்லாமல், மூச்சிரைக்காமல் இரண்டு மாடி படி ஏறக்கூடியவர்களுக்குப் பொதுவாக அதில் அபாயமில்லை என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். வெட்கப்படாமல் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டியது.

நோயாளி செய்ய வேண்டியது

இனிக் காரியத்திற்கு வருவோம். வீட்டுக்கு அனுப்பும் போது கையில் ஒரு காகிதம் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அது ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. நம்மவர்கள் அதைச் சுவாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் சொருகி வைத்துவிடுகிறார்கள். கோவிலில் புரியாத பாஷையில் சொன்னால் கன்னத்தில் போட்டுக் கொள்ளுகிற பழக்கம் ஆஸ்பத்திரியிலும் தொடர்கிறது. இதை விட வேண்டும். புறப்படுமுன் டாக்டரிடமோ நர்ஸிடமோ மரியாதையாகவும், ஆனால் விடாமலும் தமிழில் கேளுங்கள்: எனக்கு வந்தது என்ன, இருதயத்தில் எவ்வளவு கெட்டது? எந்த மாத்திரை எதற்கு, எவ்வளவு காலத்துக்கு? எத்தனை நாளில் எவ்வளவு நடக்கலாம்? என் தொழிலுக்கு எப்போது திரும்பலாம்? என்ன குறி கண்டால் உடனே ஓடி வர வேண்டும்? மறுபடி எப்போது வர வேண்டும்? இந்த ஆறு கேள்விக்கும் பதில் தெரியாமல் வீட்டுக்குப் புறப்படாதீர்கள். கேட்பது அதிகப்பிரசங்கித்தனமல்ல. நல்ல டாக்டர் கேள்வியைக் கண்டு கோபிக்க மாட்டார்.

நடை விஷயம். டாக்டர் அனுமதித்த பின், சமதரையில் ஐந்து, பத்து நிமிஷம், காலை மாலை என்று ஆரம்பியுங்கள். வாரந்தோறும் சில நிமிஷம் கூட்டுங்கள். சில வாரங்களில் அரை மணி நேரத்துக்கு வந்து, வாரத்தில் ஐந்து நாளாவது நடக்க வேண்டும். வேகத்தை அளக்க யந்திரம் வேண்டியதில்லை. பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பேசவே முடியவில்லையென்றால் வேகம் அதிகம். பாட்டுப் பாட முடிகிறதென்றால் வேகம் போதாது. ஆரம்பத்தில் ஐந்து நிமிஷம் மெதுவாக நடந்து சூடேற்றி, முடிவில் ஐந்து நிமிஷம் மெதுவாக நடந்து தணியுங்கள். சாப்பிட்டவுடன் வேண்டாம், உச்சி வெயிலில் வேண்டாம். மார்பில் வலியோ இறுக்கமோ, தலைச் சுற்றலோ, வழக்கத்துக்கு மேல் மூச்சிரைப்போ, படபடப்போ கண்டால் உடனே நின்று உட்காருங்கள். நாக்கின் கீழ் வைக்க மாத்திரை கொடுத்திருந்தால், உட்கார்ந்தபடியே அதைச் சொன்னபடி வையுங்கள். ஐந்து நிமிஷத்தில் வலி நிற்காவிட்டால் 108-ஐக் கூப்பிட வேண்டும். "வாயுவாயிருக்கும்" என்று சோடா குடித்துக் கொண்டிருக்கக் கூடாது. மார்பைத் திறந்து சிகிச்சை செய்து கொண்டவர்களுக்கு மார்பெலும்பு நன்றாகக் கூட இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை பாரம் தூக்குவதோ, தண்ணீர் சேந்துவதோ கூடாது. சும்மா இருக்கும் போதே மூச்சிரைக்கிறவர்களும், வலி அடங்காதவர்களும் டாக்டர் பார்க்காமல் நடக்கத் தொடங்கக் கூடாது.

பீடி, சிகரெட், சுருட்டு, பொடி, வாயில் அடக்கும் புகையிலை எல்லாவற்றையும் அன்றோடு விட்டுவிட வேண்டும். மாரடைப்புக்குப் பின் புகைப்பதை விட்டவர்களில் இறப்பவர்கள், விடாதவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. காசு கொடுத்து வாங்க வேண்டிய மருந்தல்ல இது. காசு மிச்சம் பிடிக்கும் மருந்து. உப்பு நாள் ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டி அளவான 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். அதில் ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு எல்லாவற்றின் உப்பும் அடக்கம். தட்டில் சோற்று மலையைக் குறைத்து, காயையும் கீரையையும் பருப்பையும் கூட்டுங்கள். பழைய எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரித்த பலகாரத்தை விடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நடந்த நிமிஷம், இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, எடை இவற்றை எழுதி வாருங்கள். பால் கணக்கு, வட்டிக் கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு உயிர்க் கணக்கு எழுதத் தெரியாமல் போகாது.

மற்றவர்கள் செய்ய வேண்டியது

எல்லாப் பழியையும் நோயாளியின் தலையில் போட்டுவிட்டுச் சர்க்காரும் ஆஸ்பத்திரிக்காரர்களும் கையைக் கழுவிக் கொள்ள நாம் இடங்கொடுக்கப் போவதில்லை. கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தில் 11 ஆஸ்பத்திரிகளில் ஆராய்ந்து 2011-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். டாக்டர் நினைத்துக் கொண்டால் அனுப்புவது என்ற வழக்கமுள்ள இடங்களில் நூற்றுக்குச் சுமார் 30 பேர் பயிற்சியில் சேர்ந்தார்கள். ஒவ்வொரு நோயாளியையும் தானாகவே பதிவு செய்து, படுக்கையருகில் ஒருவர் வந்து உட்கார்ந்து விளக்கிச் சொன்ன இடங்களிலோ 70 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். மனிதன் அதே மனிதன்தான். பக்கத்தில் உட்கார்ந்து மனிதனாக மதித்துப் பேசியதே வித்தியாசம். இதற்குக் கோடி ரூபாய் யந்திரம் வேண்டுமா?

நம் மாகாணத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டு வந்து கொடுத்தார்கள். படுத்த நோயாளிகளுக்கு உடற்பயிற்சி வைத்தியமும் அதில் சேர்ந்திருந்தது. 2023-ல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை ஏற்படுத்தத் தொடங்கினார்கள். வீடு தேடி மாத்திரை வர முடியுமானால், மாரடைப்பு நோயாளிக்கு நடையும் படிப்பும் சொல்லிக் கொடுக்க ஒருவர் வீடு தேடி வருவதும் முடியாத காரியமல்ல. கேட்காமல் எந்தச் சர்க்காரும் எதுவும் கொடுத்ததில்லை. ஆகவே, பெரிய ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் இப்பயிற்சி வேண்டுமென்றும், வீட்டுக்கு அனுப்பும் காகிதம் தமிழில் வேண்டுமென்றும், பெண்களையும் ஏழைகளையும் விட்டுவிடாமல் எல்லாரையும் பதிவு செய்ய வேண்டுமென்றும் இக்கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் நிறைவேற்றி அனுப்புங்கள் என்று கேட்டுக் கொள்ளுகிறோம்.

அதுவரையில் நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. இந்தப் படிப்பகத்தில் ஒரு இரத்தக் கொதிப்புக் கருவி வாங்கி வைக்கலாம். இவ்வூரில் மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள் ஐந்தாறு பேராவது இருப்பார்கள். அவர்களைத் தினமும் மாலையில் ஒன்று சேர்த்து, இங்கிருந்து பள்ளிக்கூடம் வரை போய்த் திரும்பும் ஒரு நடைக் கூட்டம் ஏற்படுத்தலாம். தனியே நடக்கப் பயப்படுகிறவர் நாலு பேரோடு நடப்பார். மாதம் ஒரு முறை ஒரு டாக்டரையோ நர்ஸையோ அழைத்துச் சந்தேகங்களைக் கேட்கலாம். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள், செத்தவன் கதையைச் சொல்லுவதை விட்டுவிட்டு, "வாருங்கள், தெரு முனை வரை நடந்துவிட்டு வருவோம்" என்று கூப்பிடலாம். அதுவே அவருக்குக் கொண்டு போகும் நல்ல பழம்.

தோழர்களே! நம் உடம்பு நம்முடையது என்பதும், அதற்கு நேருவதற்குக் காரணம் உண்டு என்பதும், காரணத்தை மாற்றினால் காரியம் மாறும் என்பதுந்தான் நாம் இவ்வளவு நேரம் சொன்னதன் சாரம். நாம் சொன்னதை நாம் சொன்னோமென்பதற்காக யாரும் ஒப்புக் கொள்ள வேண்டாம். நாளைக்கே உங்கள் வீட்டிலுள்ள அந்தக் காகிதத்தை எடுத்துக் கொண்டு போய் டாக்டரிடம் விளக்கம் கேளுங்கள். அவர் சொல்லுவதோடு இதை ஒத்துப் பாருங்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள். நடைக் கூட்டத்தில் சேர விரும்புகிறவர்கள் தங்கள் பெயர்களைக் கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக் கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.